சுவருக்கு மெத்தை

போன கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு ஒன்றுதான்: ஹோம் தியேட்டரில் அடுத்து எதை மாற்றுவது. பேசுவது நானும் என் கணவரும் மட்டும். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். துபாயிலிருக்கும் என் தம்பி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பி அவ்வப்போது நடுவில் புகுவான்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது குவைத்தில். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. ஷிப்ட் முழுக்க மானிட்டர்கள் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஃப்ளாட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் அதே சத்தம் ஓடும். கூடத் தங்கியிருந்த நர்ஸுகள் எல்லாரும் சேர்ந்து பழைய ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்கினோம். வெள்ளிக்கிழமைகளில் தரையில் வரிசையாக உட்கார்ந்து தமிழ்ப் படமோ மலையாளப் படமோ பார்ப்போம். படத்தில் மழை பெய்தால் எங்கள் முதுகுக்குப் பின்னாலும் பெய்யும். அந்த மழையில் மானிட்டர் சத்தம் எங்கோ போய்விடும். ஊரில் வீடு கட்டினால் மாடியில் இதற்கென்றே ஓர் அறை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வேலையை விட்டு வந்து, புதுக்கடை என்ற ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வீட்டைக் கட்டினோம். என் கணவருக்கு ஜங்ஷனில் பெயிண்ட் கடை. அதனால் வீட்டில் மற்றதெல்லாம் என் இஷ்டம், சுவர் மட்டும் அவர் இஷ்டம். மாடி அறையின் நான்கு சுவருக்கும் மேடு பள்ளம் தெரியாமல் புட்டி வைத்து, தேய்த்து, திரும்பவும் புட்டி வைத்து, கடையில் இருந்ததிலேயே பளபளப்பான பெயிண்டை அடித்தார். விளக்கைப் போட்டால் சுவரில் நம் முகம் தெரியும். தரையிலோ பெரிய பெரிய டைல். வருகிறவர்கள் முதலில் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டிவி பக்கம் திரும்புவார்கள். அவர்கள் தடவும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அறையில் எல்லாம் இருந்தது. டிவி, ஆம்ப்ளிஃபையர், முன்னாலும் பின்னாலும் ஸ்பீக்கர்கள், மூலையில் அதிர்வுக்கு ஒரு சப்வூபர். ஒரே ஒரு குறை, படத்தில் ஆட்கள் பேசுவது விளங்காது. பாட்டு கேட்கும், சண்டை கேட்கும், இடி கேட்கும். கதாநாயகி அழுதுகொண்டே எதையாவது சொன்னால் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போலிருக்கும். பேச்சு வந்தால் சத்தத்தைக் கூட்டுவேன், சண்டை வந்தால் குறைப்பேன். ரிமோட்டைக் கீழே வைத்துப் படம் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

சென்டர் ஸ்பீக்கரை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. டிவிக்குக் கீழே ஒற்றையாக இருக்கும் பெட்டி அது. படத்தின் பேச்சு பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். கணவரின் கட்சி வேறு.

“பெரிய டிவியாட்டு வாங்குவோம். வாய் பெருசாட்டு தெரிஞ்சா பேசியது தன்னால வெளங்கும்.”

“அப்பம் வாயப் பாத்தா கதைய மனசிலாக்கணும்?”

“நீ ஆஸ்பத்திரியில அப்பிடித்தானே செஞ்சே? தொண்டையில டியூப் போட்டவன் பேசியத நீ எப்பிடிக் கேட்டே?”

தம்பியோ இருவரையும் ஒதுக்கிவிட்டு துபாயிலிருந்து தீர்ப்பு அனுப்பினான். “அக்கா, ரெண்டு பேரும் சும்மா கெடங்க. சப்வூபர மாத்து. தரை அதிரணும். மத்ததெல்லாம் பொறவு.”

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் தக்கலைக்குப் போனோம். ஆடியோ கடைக்காரர் உற்சாகமான மனிதர். உள்ளே தனி அறையில் எங்களை உட்கார வைத்து, ஒரு சென்டர் ஸ்பீக்கரில் படக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சி. மகள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. நான் கணவரின் தொடையில் தட்டினேன். அவரும் தலையாட்டினார். அந்த அறையில் கனத்த திரைச்சீலை தொங்கியது, தரையில் கம்பளம் கிடந்தது, நாங்கள் உட்கார்ந்த சோபா ஆளை விழுங்குவது போலிருந்தது. இதையெல்லாம் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

“வீட்டில கொண்டு வச்சு ரெண்டு நாளு கேட்டுப் பாருங்க. பிடிச்சா வச்சுக்கிடுங்க, பிடிக்கலைன்னா கொண்டு தாங்க” என்றார் கடைக்காரர்.

மடியில் பிள்ளையை வைப்பது போல் அந்தப் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு வந்தேன். சாயாகூடக் குடிக்காமல் மாடிக்கு ஏறி, மாட்டி, அதே அப்பா மகள் காட்சியைப் போட்டேன். அதே அண்டா. இன்னும் கொஞ்சம் விலை கூடிய அண்டா. கணவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு தெரிந்தது.

“பெரிய டிவி” என்று மட்டும் சொன்னார்.

பெட்டி தக்கலைக்குத் திரும்பிப் போனது. பெரிய டிவிக்கு நான் சம்மதிக்கவில்லை. இப்படியே மே மாதம் வந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் கணவரின் தங்கை மகளுக்குக் கல்யாணம்.

தங்கையின் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. பம்பாயிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பந்தல் வாடகைக்கடையிலிருந்து ஒரு வண்டி நிறைய மெத்தைகள் வந்து இறங்கின. கீழே இடம் போதாமல், “மைனி, உங்க தியேட்டர் ரூம் சும்மாத்தானே கெடக்கு” என்றாள் நாத்தனார். சும்மாக் கிடக்கிறது என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். மெத்தைகளை உயரவாக்கில் நிறுத்திச் சுவரோடு சுவராகச் சாய்த்தார்கள். தலையணைகள் மூலைகளில் ஏறின. சுருட்டிய ஜமுக்காளங்கள் டிவிக்கு இருபுறமும் நின்றன. விருந்துக்கு வந்த மட்டி வாழைப்பழக் குலைகளையும் சாக்கு விரித்து அங்கேயே வைத்தார்கள். கணவர் வந்து பார்த்து, குலையின் கறை சுவரில் படாமலிருக்க நடுவில் இன்னும் இரண்டு மெத்தைகளைச் சொருகிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை, பந்தல்காரர்கள் ஏணியைப் போட்டுவிட்டு ஓடுகிற மழை. அடுக்களையில் காய் வெட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வேலை இல்லை. ஒவ்வொருவராக மாடிக்கு ஏறி, குலைகளுக்கும் மெத்தைகளுக்கும் இடையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். தரை தெரியாத அளவு ஆட்கள். கணவரின் அத்தை ஒருவர் உண்டு, நானும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். இருந்த ஒரே நாற்காலியில் அவர் அமர்ந்துகொண்டு உத்தரவு போட்டார்.

“ஏட்டி, உனக்க தியேட்டர இண்ணைக்காவது போடு. பாத்துக்கிட்டுப் போறோம்.”

எல்லாருக்கும் தெரிந்த பழைய குடும்பப் படம் ஒன்றைப் போட்டேன். வழக்கம்போல ரிமோட்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன். முதல் காட்சியில் கதாநாயகனின் அம்மா கோலம் போட்டுக்கொண்டே மகனைத் திட்டுகிறாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. திட்டிவிட்டு அவள் விடும் மூச்சு கேட்டது. தூரத்தில் ஒரு சைக்கிள் மணி, அது இத்தனை வருஷம் அந்தப் படத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். டிவிக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். அதே பழைய பெட்டிதான். காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன்.

“ஏன் திரும்பப் போடுக?” என்றார் மாமி.

“கேக்குதா மாமி? அந்த அம்ம பேசியது கேக்குதா?”

“கேக்கத்தானே செய்யும். எனக்கென்ன காது அடைச்சா போச்சு? நீ இரி, மறைக்காத.”

உட்கார முடியவில்லை. அறையின் நடுவில் நின்று பலமாகக் கைதட்டினேன். வெறும் அறையில் கைதட்டினால் பித்தளைச் செம்பு விழுந்தது போல ஒரு ரீங்காரம் சுவருக்குச் சுவர் ஓடும். இப்போது தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை தட்டினேன். பாட்டு வரப்போகிறது என்று நினைத்துச் சில குழந்தைகளும் கூடவே தட்டின.

எனக்கு விளங்கிவிட்டது. கணவரின் கண்ணாடிச் சுவர்தான் இத்தனை நாளும் பேச்சைப் பிடித்துத் திருப்பி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மெத்தை நின்றதும் சத்தம் மெத்தைக்குள் போய் அடங்கிவிட்டது. ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டாமா? பம்பாயிலிருந்து வந்திருந்த சொந்தக்கார வீட்டு மாப்பிள்ளைகள் இருவரைப் பிடித்தேன். ஒருவர் வங்கியில் பெரிய அதிகாரி.

“இந்தப் பக்கத்து மெத்தையள மட்டும் வெளிய கொண்டு வைக்கியளா?”

கல்யாண வேலை என்று நினைத்து இருவரும் மறுபேச்சில்லாமல் தூக்கினார்கள். நான் அதே கோலம் போடும் காட்சியைப் போட்டேன். அண்டா திரும்பி வந்தது.

“செரி, உள்ள கொண்டு வைங்க.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொண்டுவந்து வைத்தார்கள். அண்டா போனது. பின்னால் இருக்கும் மெத்தைகளை எடுக்கச் சொன்னபோது கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. கதாநாயகனுக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் அவன் அம்மா நான்கு கோலம் போட்டுவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் கணவர் நனைந்துகொண்டே குலை எடுக்க மேலே வந்தார். வாசலில் அதிகாரி மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

“என்னட்டி இது? கல்யாண வீட்டில நீ என்ன செய்யுக?”

“சத்தம் போடாதீங்க. இரிங்க. கேளுங்க.”

கையைப் பிடித்து ஒரு குலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். படத்தில் கல்யாணப் பேச்சுக் காட்சி வந்தது. அதில் வரும் ஒரு நகைச்சுவை வசனம் என் கணவருக்கு உயிர். “மீனு வந்தா சட்டி கழுவு” என்று ஒரு கிழவர் சொல்வதாக இத்தனை காலமும் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். மீன்காரி வண்டி சத்தம் கேட்டால் போதும், வீட்டில் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பிள்ளைகளும் அப்படியே படித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கிழவர் வாயைத் திறந்தார். அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது:

“மாமன் வந்தா கட்டித் தழுவு!”

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. “பின்னால போடு” என்றார். போட்டேன். மாமன். தழுவு. மீனும் இல்லை, சட்டியும் இல்லை. நான் சிரித்த சிரிப்பில் மாமி நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார். விஷயம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய் அறையே குலுங்கியது.

“நான் சொல்லியதுதான் நல்லா இருக்கு” என்றார் கணவர், எழுந்து குலையைத் தோளில் வைத்துக்கொண்டே. “இவனுவ தப்பாட்டு எழுதி வச்சிருக்கானுவ.”

மறுநாள் மழை விட்டிருந்தது. கல்யாணம் நன்றாக நடந்தது. சர்ச்சில் போதகர் ஆசீர்வாதம் சொல்லும்போது நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமான கூரை, வெறும் சுவர், சொல்லுக்குப் பின்னால் சொல் வந்து மோதியது. இந்தச் சுவர்களுக்கு எத்தனை மெத்தை வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் என் கையைப் பிடித்தாள். கண்ணீரை அடக்கத்தான் மேலே பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் அவளைத் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே கண் நிறைந்தது. கல்யாணப் பெண் பிறந்த அன்றைக்கு முதலில் கையில் வாங்கியவள் நான். விருந்தில் சக்கைப் பிரதமன் பாயசம் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

விருந்தாளிகள் ஊர் திரும்பத் தொடங்கியதும் வாடகைக்கடைக்காரர் மெத்தைகளை எடுக்க வண்டியோடு வந்தார்.

“ரெண்டு நாளு கூட கெடக்கட்டு” என்றேன்.

“ஆளெல்லாம் போயாச்சே?”

“படம் பாக்கணும்.”

அவர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “படுத்துக்கிட்டா பாப்பிய?” என்று கேட்டுவிட்டு, மறுபடி வண்டி கிடைக்கும்போது வருவதாகச் சொல்லிப் போனார். அந்த இரண்டு நாளும் ரிமோட்டைத் தொடாமல் படம் பார்த்தேன்.

மெத்தைகள் போன பிறகுதான் உண்மையான பேச்சுவார்த்தை தொடங்கியது. சென்டர் ஸ்பீக்கர் வேண்டாம், டிவி வேண்டாம், சப்வூபரும் வேண்டாம், மாற்ற வேண்டியது சுவரை என்று சொன்னபோது கணவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

“அந்தச் சுவருக்கு நான் செஞ்ச வேல உனக்குத் தெரியுமா? இந்த ஜில்லாவில அப்பிடி ஒரு சுவர் காட்டு.”

“சுவர ஒண்ணும் செய்ய மாட்டேன். சட்டம் அடிச்சு, அதில மெத்தைய வச்சு, படம் மாட்டுயது போல மாட்டுவோம். வேணும்னா எடுத்துப் பாத்துக்கிடலாம்.”

“ஆணி அடிக்கணுமே.”

“நீங்களே அடிங்க.”

அன்று சாயங்காலம் நான் மேலே போனபோது அவர் சுவருக்கு முன்னால் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார்.

மெத்தைக்காகக் குழித்துறைக்குப் போனோம். ரப்பர் சேர்த்து அமுக்கிய தேங்காய்நார் மெத்தைகளை வெட்டித் தருகிற கடை அங்கே இருக்கிறது. கடையில் இருந்த பெண்மணி அளவைக் கேட்டதும் யோசித்தார்.

“இம்புட்டு அகலம் கொறச்சலா? பிள்ளையளுக்கா?”

“இல்ல, சுவருக்கு.”

“சுவருக்கா?” அவர் என் கணவரைப் பார்த்தார். “சுவரு எப்பம்மா படுக்கும்?”

கணவருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேலே போர்த்தத் துணி வாங்கப் போனபோது மனிதர் முழுதாக என் பக்கம் வந்துவிட்டார். எப்படித் தெரியுமென்றால், துணிக்கடைக்குத் தன் கடையின் பெயிண்ட் நிற அட்டையை எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு துணியையும் அட்டையில் வைத்துப் பார்த்து, விற்பனைப் பெண்ணைப் பாடாய்ப் படுத்தி, கடைசியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சுவரின் வெளிர் நிறத்துக்கு அது எடுப்பாக இருக்கும் என்றார். இருந்தது. சட்டங்களை ஆசாரியிடம் சொல்லிச் செய்தோம். துணியை இழுத்துப் பிடித்து அடித்ததும், சுவரில் துளை போட்டதும், மட்டம் பார்த்து மாட்டியதும் அவரே. தரைக்கு ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, அவ்வளவுதான்.

மாட்டி முடித்த அன்று அறைக்குள் நுழைந்தபோது, காதில் யாரோ மெல்லக் கையை வைத்தது போலிருந்தது. வெளியே பக்கத்து வீட்டு நாய் குரைப்பது வேறு ஏதோ ஊரில் குரைப்பது போலக் கேட்டது. நான் கோலம் போடும் காட்சியைப் போட்டேன். கணவர் பின்னால் நின்று, “கொள்ளாம்” என்றார். நல்ல சுவருக்கு மட்டுமே அவர் சொல்லும் சொல் அது.

தம்பிக்குக் குரல் அனுப்பினேன். “செரி அக்கா, இப்பம் சுவர் அதிராது. அப்பம் தரை அதிரணும்னா சப்வூபர்...” என்று பதில் வந்தது. மீதியைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாத்தனாரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தோம். மகள் கணவனோடு புனேவுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சாப்பிட்ட பிறகு, மகளை வீடியோவில் கூப்பிட வேண்டும் என்று போனைத் தேடினாள்.

“அந்தச் சின்னப் போனில என்னத்தப் பாப்பே? மேல வா மக்கா” என்று மாடிக்குக் கூட்டிப் போய், அழைப்பை டிவியில் போட்டுவிட்டேன்.

மகள் ஆளுயரத்துக்கு வந்து நின்றாள். “அம்மா, மைனி வீட்டிலயா இருக்கிய?” என்று, தன் அம்மா என்னை மைனி என்று கூப்பிடுவது போலவே கேலியாகக் கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது, அங்கே கீழே தெருவில் யாரோ எதையோ கூவி விற்பது கேட்டது. நாத்தனார் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தாள்.

“ஏட்டி, உனக்கு மூக்கடைப்பா?”

“இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்.”

“பொய் சொல்லாத. மூச்சு இழுக்கியது கேக்குது. மழையில நனைஞ்சியா?”

“கொஞ்சந்தான் நனைஞ்சேன். பைக்கில வரும்போ.”

அப்போது திரையில் தெரியாத ஒரு பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, மாப்பிள்ளையின் குரல்: “நான்தான் மழைக்கோட்டு வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லிராத.”

எங்கள் அறையில் அது ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது போலத் தெளிவாக வந்து விழுந்தது. நாத்தனார் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னாள்:

“எல்லாம் கேக்குது மாப்பிள்ள.”

அந்தப் பக்கம் குக்கர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. பிறகு கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ ஆள் எழுந்து ஓடும் சத்தம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். நாத்தனார் சிரிக்கத் தொடங்கினாள். மகள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கணவர் கதவில் சாய்ந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை அவர்கள் பேசினார்கள். நான் இரண்டு முறை சாயா போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படம் எதுவும் பார்க்கவில்லை.